ஹென்னிங்கும் அவர் முடிக்காத அகராதியும்

பரங்கிமலைவாசி எழுதியது:

எங்கள் வீடு பரங்கிமலை அடிவாரத்தில். மலைமேல் இருக்கும் மாதாகோயிலுக்குச் சின்ன வயதிலிருந்தே போய்வருகிறேன். பலிபீடத்தில் ஒரு கல் சிலுவை பதித்திருக்கிறார்கள். 1547இல் போர்த்துக்கீசியர் அங்கே கோயில் கட்டத் தோண்டியபோது கிடைத்தது. சிலுவையைச் சுற்றி வளைவாக ஓர் எழுத்து வரி ஓடும். ரொம்ப நாள் அதைக் கொடிக்கோலம் மாதிரி ஒரு வேலைப்பாடு என்றே நினைத்திருந்தேன். கல்லூரி முடித்த பிறகுதான் அது பஹ்லவி எழுத்து என்று தெரிந்தது. இஸ்லாத்துக்கு முந்தைய ஈரானில், சாசானிய அரசர்கள் காலத்தில் வழங்கிய நடுப் பாரசீக மொழியின் எழுத்து. நம்ம ஊர் மலையில் ஓர் ஈரானியக் கல்வெட்டு!

அது பஹ்லவிதான் என்று 1873இல் எழுதியவர் பர்னல், தென்னிந்திய எழுத்துகளைப் பற்றி நூல் செய்த அதே ஆள். அவர் அந்த வரியை ஓர் இறையியல் வாசகமாகப் படித்தார். பின்னால் வந்த விங்க்வொர்த், சஹார்புக்தின் மகன் அப்ராஸ் என்பவருக்கு இரங்கும்படி ஆண்டவரிடம் கேட்கும் மன்றாட்டாகப் படித்தார். நீளமான வரிகூட இல்லை. அதை எப்படி இரண்டு பேர் இவ்வளவு தள்ளித் தள்ளிப் படிக்க முடியும்?

இந்தக் கேள்வியோடு தேடிப் போனபோது கிடைத்தவர்தான் வால்ட்டர் புரூனோ ஹென்னிங். அவருக்கும் எங்கள் மலைச் சிலுவைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் நடு ஈரானிய மொழிகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று யாரைப் பார்த்தாலும் இவரைத்தான் கைகாட்டுகிறார்கள். படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

1908இல் கிழக்குப் பிரஷ்யாவில் பிறந்தவர். கோட்டிங்கனில் ஆண்ட்ரியாஸிடம் படித்தார். ஆண்ட்ரியாஸ் கடல்போல் தெரிந்தவர், துளிபோல் எழுதியவர். 1930இல் அவர் இறந்தபோது அச்சேறாத தாள்களைக் குவியலாக விட்டுப்போனார். அதைப் பதிப்பிக்கும் வேலை ஹென்னிங் கைக்கு வந்தது. அப்போது அவருக்கு இருபது வயதைத் தாண்டிக் கொஞ்சம்தான். அந்தத் தாள்கள் எல்லாம் மேற்குச் சீனாவில் இருக்கும் துர்ஃபானில் கிடைத்த ஏடுகள் பற்றியவை. 1902 முதல் 1914 வரை ஜெர்மானியர் நான்கு முறை மத்திய ஆசியாவுக்குப் போய் மண்ணிலிருந்து அள்ளிவந்த ஏட்டுத் துண்டுகள். மானி என்ற தீர்க்கதரிசியின் சமயத்தார் எழுதிவைத்தவை. நடுப் பாரசீகம், பார்த்தியம், சாமர்கந்துப் பக்கம் பேசிய சோக்தியம் என்று பல மொழிகள். முழு ஏடு அபூர்வம். பெரும்பாலும் கிழிந்த மூலைகள்.

1932 முதல் 34க்குள் ஆண்ட்ரியாஸின் வேலையை மூன்று பகுதிகளாக வெளியிட்டுவிட்டார். பெர்லினிலேயே இருந்திருக்கலாம். ஆனால் அவர் மணக்க நிச்சயித்த மரியா பொலோட்ஸ்கி யூதப் பெண். நாஜி ஆட்சியில் அது நடக்காது. 1936இல் லண்டனுக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை, பார்சி சமூகத்தின் பெயரில் ஏற்பட்டிருந்த ஈரானிய ஆய்வு விரிவுரையாளர் பதவி. நம் நாட்டில் வேர்விட்ட பார்சிகளின் பெயர் அவருக்கு நிழல் தந்தது. அடுத்த ஆண்டு கல்யாணம். போர் மூண்டபின், 1940இல், ஜெர்மன்காரர் என்பதால் எதிரி நாட்டவராகத் தடுப்பு முகாமில் வைத்தார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த மனிதரை! 1948இல் லண்டனில் பேராசிரியர். 1961இல் அமெரிக்காவில் பெர்க்லி. 1967 ஜனவரியில் கீழே விழுந்து கால் முறிந்து, அதைத் தொடர்ந்து உடல் மோசமாகி இறந்தார். வயது 58.

உயிரோடு இருந்தவரை அவர் பெயரில் தடிமனான நூல் ஒன்றுகூட வரவில்லை. சிறு நூல்கள், கட்டுரைகள், அவ்வளவுதான். பல ஆண்டுகள் உழைத்த குவாரிஸ்மிய மொழி அகராதி பாதியில் நின்றது. ஆனாலும் துறையில் எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் அவருடையது. எதனால் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

நல்ல இழை தம்பி. நான் முப்பது வருடம் மொழியியல் பாடம் நடத்தினவன், அதனால் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது.

ஒரு மொழியறிஞன் விட்டுப்போகும் சொத்து அகராதியும் இலக்கணமும்தான். கட்டுரை ஏதோ ஓர் ஆய்விதழின் மூலையில் கிடக்கும். பத்துப் பேர் படிப்பார்கள். அகராதியை அடுத்த நூறு வருடம் எவனும் தள்ளிவிட்டுப் போக முடியாது.

லண்டனில் அதே பார்சி விரிவுரையாளர் இருக்கையில் ஹென்னிங்குக்கு முன்னால் 1929இல் உட்கார்ந்தவர் ஹரால்ட் பெய்லி. இங்கிலாந்தில் பிறந்து, பத்து வயதில் மேற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பண்ணைக்குக் குடும்பத்தோடு போனவர். பக்கத்தில் பள்ளிக்கூடம் சரியாக இல்லை. வீட்டில் கிடைத்த புத்தகங்களை வைத்தே லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று தானாகக் கற்றுக்கொண்டவர். ஆக்ஸ்போர்டு போய், லண்டன் வந்து, 1936இல் கேம்பிரிட்ஜில் சமஸ்கிருதப் பேராசிரியர் ஆனார். கோத்தன் நாட்டில் பேசிய சாக மொழி ஒன்று இருந்தது, அதுவும் ஈரானிய மொழி. அதன் ஏடுகளை வாழ்நாளெல்லாம் பதிப்பித்து, 1979இல் 79 வயதில் அகராதியைக் கொண்டுவந்தார். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆன பிறகு! இன்றைக்கு அந்த மொழியைத் தொடுகிறவன் பெய்லியின் அகராதியைத் திறக்காமல் நகர முடியாது.

ஹென்னிங்கின் குவாரிஸ்மிய அகராதி? அவர் போனபின் அவருடைய மாணவர் மெக்கன்ஸி 1971இல் கொண்டுவந்தது தொடக்கத் துண்டு மட்டும். இதை நிறைவு என்று எப்படிச் சொல்வது?

சுவடிக்கட்டு எழுதியது:

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் துண்டுகளோடு வேலை பார்த்தவள் என்ற முறையில் எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது.

ஒரு சுவடிக் காப்பகத்தில் பதினோரு வருடம் இருந்தேன். ஓலையை எலுமிச்சைப்புல் தைலம் தொட்டுத் துடைத்து, மை தடவி, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்தே கண்ணுக்கு வரும். புள்ளி இருக்காது. எகர ஏகாரம் ஒன்றுபோல இருக்கும். காலும் ரகரமும் ஒரே கோடு. "காம" என்று படித்தால் ஒரு பாட்டு, "கரம" என்று படித்தால் வேறு பாட்டு. முழுச் சுவடியில் என்றால் முன்பின் பார்த்து நிதானிக்கலாம். ஒடிந்த ஓலையில் எதைப் பார்த்து நிதானிப்பது? எனக்கு முன்னால் இருந்தவர்கள் ஒரு மருத்துவச் சுவடியின் ஒடிந்த துண்டு ஒன்றை ஜோதிடக் கட்டில் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அது அந்தக் கட்டைச் சேர்ந்ததல்ல என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. கடைசியில் காட்டிக்கொடுத்தது எழுத்தே இல்லை. நூல் கோக்கும் துளையின் இடம்.

இதனால்தான் ஹென்னிங் 1943இல் வெளியிட்ட ஒரு கட்டுரையை நான் வணங்குகிறேன். மானி எழுதிய "பூதங்களின் நூல்" தொலைந்துபோனது. துர்ஃபான் துண்டுகளில் அங்கங்கே சிதறிக் கிடந்தவற்றை, நடுப் பாரசீகத்தில் ஒன்று, சோக்தியத்தில் ஒன்று, உய்குர் துருக்கியில் ஒன்று என்று பொறுக்கி, இவையெல்லாம் அந்த ஒரே நூலைச் சேர்ந்தவை என்று காட்டினார். விடுபட்ட இடத்தை விடுபட்ட இடமாகவே அச்சிட்டார். கதையை ஓட்டுவதற்காக ஒரு சொல்லைக்கூடத் தன் பங்குக்குச் சேர்க்கவில்லை. லண்டன் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த வருடங்கள் அவை.

அதன்பிறகுதான் சாக்கடல் கரையில் கும்ரான் குகைச் சுருள்கள் கிடைத்தன. அவற்றில் சில அராமிய மொழித் துண்டுகள் என்னவென்று முதலில் புரியவில்லை. 1970களில் மிலிக் என்ற அறிஞர், இவையும் பூதங்களின் நூல்தான், மானி கையில் எடுத்த மூலக்கதை இதுதான் என்று கண்டார். எதை வைத்து? ஹென்னிங் சேர்த்துவைத்த துண்டுகளை வைத்து. ஆள் போய்ச் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்தது. ஹென்னிங் தன் ஊகத்தை ஊசி நூலாக வைத்துத் தைத்திருந்தால் மிலிக்குக்கு ஒப்பிட எதுவும் மிஞ்சியிருக்காது.

கொழும்பு மாணவி எழுதியது:

வணக்கம். நான் கொழும்பில படிக்கிறன், மொழியியல் இரண்டாம் ஆண்டு. இந்த இழையை ஒரே மூச்சில வாசிச்சன்.

எங்கட தேசிய அருங்காட்சியகத்திலயும் ஒரு பாரசீக எழுத்து இருக்கு. காலியில 1911இல கிடைச்ச கல். சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் திகதி போட்டது. சீனம் புத்தரைப் போற்றுது, தமிழ் தெனவரை நாயனாரைப் போற்றுது, பாரசீகம் அல்லாவை. மூன்றிலும் பாரசீகப் பகுதிதான் கூடத் தேய்ஞ்சு போயிருக்கு. அதுக்கு முன்னால நிண்டு தமிழை மட்டும் எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டு வந்த ஆள் நான்.

இரண்டு கேள்வி இருக்கு. பரங்கிமலை அண்ணா கேட்டதுதான் முதலாவது: ஒரே வரியை ஏன் இப்பிடி வேறுவேறாய் வாசிக்கினம்? மற்றது, குவாரிஸ்மியம் எண்டா என்ன? பெயரே இப்பதான் கேள்விப்படுறன்.

கல்லெழுத்து எழுதியது:

தங்கை கேட்டது நல்ல கேள்வி. முதல் கேள்விக்கு இரண்டு காரணம்.

பஹ்லவியில் எழுத்துகள் தேய்ந்து தேய்ந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டன. நூல்களில் வழங்கும் பஹ்லவி எழுத்தில் நகரமும் வகரமும் ரகரமும் ஒரே கோடாக வந்து நிற்கும். சுவடிக்கட்டு அக்கா சொன்ன கால்–ரகரச் சிக்கலைப் பத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது காரணம்தான் புதுசாகப் படிப்பவர்களை மிரட்டும். எழுதுவது ஒன்று, வாசிப்பது இன்னொன்று. "அரசன்" என்று எழுத வேண்டுமானால் அராமியச் சொல்லான "மல்கா"வை எழுதுவார்கள். வாய்விட்டுப் படிக்கும்போது பாரசீகத்தில் "ஷா" என்பார்கள். நம் பழைய கணக்குப் புத்தகங்களில் ௹ என்று ஒரு குறி போட்டு ரூபாய் என்று படிப்போம், ௴ போட்டு மாதம் என்போம், ௸ போட்டு மேற்படி என்போம். அப்படி நூற்றுக்கணக்கான சொற்கள், அதுவும் இன்னொரு மொழியின் முழுச் சொற்களாகவே, வரிக்கு வரி வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் பஹ்லவி.

துர்ஃபான் துண்டுகளின் மதிப்பு இங்கேதான். மானியின் ஆட்கள் இந்தச் சுற்றுவழியை விட்டுவிட்டு, சிரியாக்கைச் சேர்ந்த ஓர் எழுத்தில், காதில் விழும் ஒலிப்படியே எழுதினார்கள். பஹ்லவியில் மறைந்துகிடந்த சொற்கள் அங்கே முகம் காட்டின. ஹென்னிங்கின் முனைவர் ஆய்வே துர்ஃபான் துண்டுகளில் வரும் நடுப் பாரசீக வினைச்சொல் பற்றியதுதான். இருபத்து மூன்று வயதுப் பையன் செய்த வேலை, இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

குவாரிஸ்மியம்: ஆரல் கடலுக்குத் தெற்கே, ஆமு தரியா ஆறு பாயும் நாட்டில் பேசிய ஈரானிய மொழி. துருக்கி மொழிகள் பரவியபின் மறைந்தது. அது நமக்குக் கிடைத்த விதம் எனக்கு எப்போதும் நெஞ்சைத் தொடும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸமக்ஷரி ஓர் அரபுச் சொற்களஞ்சியம் செய்தார். அதன் ஒரு படியில் வரிகளுக்கு இடையே, பொடி எழுத்தில், அரபுச் சொல்லுக்குக் குவாரிஸ்மியப் பொருளை யாரோ எழுதிவைத்தார்கள். அது ஒன்று. இன்னொன்று சட்ட நூல். கணவன் தன் தாய்மொழியில் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறான். அது விவாகரத்து ஆகுமா ஆகாதா? ஒருவன் ஆணையிட்டான், அது கட்டுப்படுத்துமா? காஜி தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் அவன் வாயிலிருந்து வந்த சொல் அப்படியே வேண்டும். அதனால் அரபு நூலுக்கு நடுவே குவாரிஸ்மிய வாக்கியங்களை அப்படியே எழுதிவைத்தார்கள். வீட்டுச் சண்டையில் கத்திய வார்த்தைகள்தான் ஒரு மொழிக்குச் சாட்சியாக மிஞ்சின.

எழுதியவர்களுக்கே பிற்பாடு அந்த மொழி சரியாகத் தெரியவில்லை. படியெடுக்கும்போது புள்ளிகள் இடம் மாறின, விடுபட்டன. அரபு எழுத்தில் புள்ளி மாறினால் ப, த, ந எல்லாம் ஒன்றாகிவிடும். ஆற்றங்கரை ஐயா, இந்த நிலையில் ஒரு சொல்லுக்கு ஒரு வருடம் போவது சோம்பல் ஆகாது.

அகராதி பற்றி ஐயா சொன்னதற்கு ஒரு பக்கத்துணையும் தருகிறேன். நமக்கெல்லாம் தெரிந்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைச் செய்த இருவரில் ஒருவரான பரோ, 1930களில் எங்கே தொடங்கினார் தெரியுமா? ஸ்டைன் என்ற அகழாய்வாளர் மத்திய ஆசியாவிலிருந்து கொண்டுவந்த, கரோஷ்டி என்ற பழைய வடமேற்கு இந்திய எழுத்தில் உள்ள ஆவணங்களில். அவற்றில் கலந்திருக்கும் ஈரானியச் சொற்களைப் பற்றியே கட்டுரை எழுதியிருக்கிறார். இன்னொருவர் எமனோ, பெர்க்லியில் பேராசிரியர். அந்த அகராதி வெளிவந்தது 1961. ஹென்னிங் பெர்க்லிக்குப் போன வருடமும் அதுவே. அகராதியை முடித்தவரும் முடிக்காதவரும் ஒரே வளாகத்தில்.

பரங்கிமலைவாசி எழுதியது:

௹ உதாரணம் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. தாத்தாவின் கடைக் கணக்கில் அந்தக் குறியைப் பார்த்திருக்கிறேன், படிக்கவும் தெரியும். அது இப்படி ஒரு பெரிய விஷயத்துக்குச் சின்னச் சன்னல் என்று தெரியாது.

ஆற்றங்கரை ஐயாவுக்கு ஒன்று. 1907இல் ஸ்டைன், துன்ஹுவாங்குக்கு மேற்கே சீனக் காவல் கோபுரம் ஒன்றின் இடிபாட்டில் ஒரு தபால் பையின் மிச்சத்தைக் கண்டெடுத்தார். சோக்திய வணிகர்களின் கடிதங்கள். எழுதி அனுப்பினார்கள், போய்ச்சேரவே இல்லை. இரண்டாம் கடிதம் சாமர்கந்துக்கு. பட்டில் சுற்றி, அதன்மேல் துணி உறை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். சீனாவில் இருந்த நனைவந்தக் என்ற முகவர் எழுதுகிறார்: பேரரசன் தலைநகர் லுவோயாங்கை விட்டு ஓடினான், அரண்மனையும் நகரமும் எரிந்தன, அங்கிருந்த இந்தியரும் சோக்தியரும் பசியால் செத்தார்கள். இந்தியரும்! அந்த ஊரில் நம் பக்கத்து வணிகர்களும் இருந்திருக்கிறார்கள்.

இது எந்தக் காலம்? 1948இல் ஹென்னிங் ஒரு கட்டுரையில், கடிதம் சொல்லும் அழிவு 311இல் லுவோயாங் வீழ்ந்ததுதான், ஆகவே கடிதம் 312–313ஐ ஒட்டியது என்று நிறுவினார். நகரை எரித்தவர்களைக் கடிதம் "ஹூன்" என்கிறது. சீனர்கள் அவர்களை ஷியோங்னு என்றார்கள். ஐரோப்பாவை நடுங்கவைத்த ஹூணரும் சீனரின் ஷியோங்னுவும் ஒரே பெயரா என்று நெடுநாளாக நடந்த வாதத்துக்குள் இந்த ஒரு சொல் சாட்சியாக ஏறி நின்றது. கட்டுரை மொத்தம் பதினைந்து பக்கம் இருக்கும். நூறு பக்க நூலுக்கு இது குறைவா?

அதே பையில் இருந்த மியூனை என்ற பெண்ணின் கடிதத்தைப் படித்தபிறகு இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை. கணவன் அவளையும் மகளையும் துன்ஹுவாங்கில் விட்டுப் போய்விட்டான். ஊருக்குத் திரும்ப யார் யாரையோ கேட்கிறாள், யாரும் அழைத்துப்போகத் தயாராக இல்லை. தாய் பேச்சையும் அண்ணன் தம்பி பேச்சையும் மீறி உன் சொல்லைக் கேட்டு வந்தேனே, அன்றைக்குத் தெய்வங்கள் என்மேல் கோபமாக இருந்திருக்க வேண்டும் என்கிறாள். உனக்குப் பெண்டாட்டியாக இருப்பதைவிட நாய்க்கோ பன்றிக்கோ பெண்டாட்டியாக இருந்திருக்கலாம் என்கிறாள். அடியில் மகள் ஷாய்ன் தன் பங்குக்குச் சில வரி எழுதியிருக்கிறாள்: நாங்கள் சீனரிடம் வேலைக்காரிகளாகிவிட்டோம்.

1,600 வருடம் கழித்துத்தான் பிரித்துப் படித்தார்கள்.

ஆற்றங்கரை எழுதியது:

அந்தப் பெண்ணின் கடிதத்தை நீங்கள் எழுதியபடி என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை.

சரி, வாதத்துக்கு வருகிறேன். 1948 கட்டுரை பெரிய கட்டுரைதான், மறுக்கவில்லை. ஆனால் அதோடு வழக்கு முடியவில்லை. ஹங்கேரி அறிஞர் ஹர்மட்டா, இந்தக் கடிதங்கள் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்தையவை என்று வாதாடினார். 1987இல் கிரெனேயும் சிம்ஸ்-வில்லியம்ஸும் மறுபடி எல்லாவற்றையும் ஆராய்ந்து ஹென்னிங் பக்கம் நின்ற பிறகுதான் காற்று இந்தப் பக்கம் வீசியது. கட்டுரைக்கு இந்தக் கதி உண்டு என்பதைத்தான் சொல்கிறேன்.

அவர் எல்லா இடத்திலும் நிதானமாக இருந்தார் என்றும் எழுதிவிட வேண்டாம். பழைய மெசபொத்தேமியாவில் வந்துபோன குத்தியர்கள்தான் மத்திய ஆசியாவில் வாழ்ந்த தொக்காரியரின் முன்னோர் என்று ஒரு கருத்து வைத்திருந்தார். அவர் இறந்தபின் 1978இல் அச்சானது. துறையில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. பெரிய மனிதர்களைப் பற்றிப் பேசும்போது இதையும் பேச வேண்டும். மரியாதை அதனால் குறைந்துவிடாது.

கல்லெழுத்து எழுதியது:

ஐயா சொன்ன இரண்டும் உண்மை. குத்தியர் விஷயத்தில் நானும் அவர் பக்கம் இல்லை.

ஆனால் ஒருவருடைய வாழ்க்கையை அவரோடு நிறுத்தி அளக்கக் கூடாது என்று எனக்கு உறுதியாகத் தோன்றுவது பாக்திரிய மொழியைப் பார்த்துத்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1957இல் ஆப்கானிஸ்தானில் சுர்க் கோத்தல் என்ற இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஒரு கல்வெட்டைத் தோண்டியெடுத்தார்கள். கிரேக்க எழுத்து, ஆனால் கிரேக்க மொழி இல்லை. இருபத்தைந்து வரி. குஷாணர் காலம். அதை முதலில் வெளியிட்ட மரிக், அந்த மொழிக்குத் தொக்காரியர் பெயரை ஒட்டி ஒரு பெயர் வைத்தார். 1960இல் ஹென்னிங், இதற்குச் சரியான பெயர் பாக்திரியம், இது ஓர் ஈரானிய மொழி, ஈரானிய மொழிகளுக்குள் இதன் இடம் இன்னது என்று எழுதினார். அப்போது கையில் இருந்தது அந்த ஒரு கல்வெட்டும், நாணயங்களும், சில கிறுக்கல்களும் மட்டுமே. அவர் வைத்த பெயர் நிலைத்தது.

அவருடைய மாணவர்களில் ஒருவர் கெர்ஷெவிச். போருக்குள்ளேயே அவரிடம் ஆய்வு செய்து சோக்திய இலக்கணம் எழுதியவர்; நூலாக வந்தது 1954இல். கெர்ஷெவிச் கேம்பிரிட்ஜில் பாடம் சொல்லிக்கொடுத்த மாணவர் நிக்கலஸ் சிம்ஸ்-வில்லியம்ஸ். அவர் தொடங்கியது கிறித்தவ சோக்திய ஏடு ஒன்றில். 1976இல் லண்டனில், ஹென்னிங் இருந்த அதே கீழைநாட்டுக் கல்விக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பாக்திரியத்தில் அப்போதும் பெரிதாக எதுவும் இல்லை.

1993இல் ரபாதக்கில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. கண்ணிவெடி அகற்றும் அமைப்பைச் சேர்ந்த ஒருவர் எடுத்த புகைப்படம் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதைப் படித்தவர் சிம்ஸ்-வில்லியம்ஸ். கனிஷ்கன் தன் தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களைச் சொல்கிறான். கிரேக்கத்தில் இருந்த ஆணையை ஆரிய மொழிக்கு மாற்றியதாகச் சொல்கிறான். குஷாணர் வரலாற்றையே மறுபடி எழுதவேண்டி வந்தது.

அதே சமயத்தில் தோல் ஆவணங்கள் ஒவ்வொன்றாகப் பெஷாவர் சந்தைக்கும் லண்டனுக்கும் வரத் தொடங்கின. மொத்தம் நூற்றைம்பதுக்கு மேல். போர் நடந்த நாட்டிலிருந்து எந்த வழியாக வந்தன, எந்த மண்ணில் இருந்தன என்ற பதிவே கிடையாது. கல்வெட்டு படிக்கிற எவனுக்கும் இது வயிற்றெரிச்சல். ஆனாலும் படிக்காமல் விட முடியுமா? நிலப் பத்திரம், அடிமை விடுதலைப் பத்திரம், கடிதம், கணக்கு. நான்காம் நூற்றாண்டு முதல் எட்டாம் நூற்றாண்டு வரை. மிகப் பழையது ஒரு திருமண ஒப்பந்தம்: அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒரே பெண்ணை மணக்கிறார்கள்.

பத்திரம் எழுதிய முறையைக் கேளுங்கள். ஒரே தோலில் ஒரே வாசகத்தை இரண்டு முறை எழுதுவார்கள். மேல் பாதியைச் சுருட்டி, நூல் கோத்துக் கட்டி, சாட்சிகளின் களிமண் முத்திரை வைத்துவிடுவார்கள். கீழ்ப் பாதி திறந்தபடி இருக்கும், யாரும் படிக்கலாம். யாராவது திறந்த பாதியைத் திருத்திவிட்டான் என்று வழக்கு வந்தால், முத்திரையை உடைத்து உள்ளே இருப்பதோடு ஒப்பிடுவார்கள். சில ஆவணங்கள் முத்திரை உடையாமலே நம் காலத்துக்கு வந்து சேர்ந்தன. ஆயிரத்து முந்நூறு, ஆயிரத்து நானூறு வருடம் வழக்கே வரவில்லை.

சிம்ஸ்-வில்லியம்ஸ் மூன்று தொகுதிகளாகப் பதிப்பித்தார், கடைசித் தொகுதி 2012இல். எழுத்தோ கிரேக்கச் சுழியெழுத்து, ஓர் எழுத்துக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் தெரியாது. ஆவணம் வந்த நாளில் அதைப் படிக்க ஆள் தயாராக இருந்தார் என்றால், காரணம் அவருக்கு உறவு மொழியான சோக்தியம் தெரிந்திருந்தது. அவர் ஆசிரியருக்கு சோக்தியம் சொல்லிக்கொடுத்தவர் ஹென்னிங். ஹென்னிங் தொட்டுவைத்த கதவு அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்துத் திறந்தது.

சுவடிக்கட்டு எழுதியது:

முத்திரை உடையாத பத்திரம் என்றதும் கை நடுங்குகிறது. அதைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நிலையில் நான் இருந்திருந்தால் தூங்கியிருக்க மாட்டேன்.

மாணவர் பற்றிப் பேச்சு வந்ததால் மேரி பாய்ஸையும் இங்கே சேர்க்க வேண்டும். 1920இல் டார்ஜிலிங்கில் பிறந்தவர். அப்பா கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி. அவரும் ஹென்னிங்கிடம் படித்து, மானி சமயத்தாரின் பார்த்திய மொழிப் பாடல்களைப் பதிப்பித்தார். பெர்லினில் இருக்கும் துர்ஃபான் துண்டுகளுக்கு 1960இல் ஓர் அட்டவணை செய்தார். அட்டவணை போட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். எந்தத் துண்டு எந்த எண், எந்த மொழி, எதோடு சேரும். ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து செய்துவிட்டால் அடுத்த ஐம்பது வருடத்துக்கு மற்றவர்கள் நேரம் மிச்சம்.

பாய்ஸ் அதோடு நிற்கவில்லை. 1963–64இல் ஈரானில் யஸ்த் பக்கத்தில் ஷரிஃபாபாத் என்ற கிராமத்தில், பார்சிகளின் சமயத்தைச் சேர்ந்த ஜரதுஷ்டிரர் குடும்பம் ஒன்றோடு தங்கினார். ஏட்டில் படித்த சடங்கை அடுப்படியில் பார்த்தார். முதுகுத்தண்டு வலியால் பிற்காலத்தில் படுத்தபடியேதான் எழுதினார். 2006இல் இறக்கும்வரை எழுதினார்.

ஆற்றங்கரை ஐயா, ஹென்னிங் ஓர் அகராதியை முடிக்கவில்லை. ஆனால் கெர்ஷெவிச், பாய்ஸ், மெக்கன்ஸி மூன்று பேரையும் உருவாக்கிவிட்டுப் போனார். மெக்கன்ஸி 1971இல் போட்ட பஹ்லவிச் சிற்றகராதிதான் இன்றைக்கும் மாணவர்கள் முதலில் கையில் எடுப்பது. அதே வருடம்தான் ஆசிரியரின் அகராதித் துண்டையும் வெளியிட்டிருக்கிறார்.

ஆற்றங்கரை எழுதியது:

மெக்கன்ஸி செய்ததை யோசித்துப் பார்க்கிறேன். தன் அகராதி ஒன்று கையில், ஆசிரியர் பாதியில் விட்டது ஒன்று கையில். குவாரிஸ்மியத்தை அவரும் விடவில்லை. கல்லெழுத்து சொன்ன அந்தச் சட்ட நூலின் வாக்கியங்களை 1990இல் நூலாக்கினார். ஆண்ட்ரியாஸின் தாள்களை ஹென்னிங் முடித்துக்கொடுத்தார், ஹென்னிங்கின் தாள்களை மெக்கன்ஸி.

அகராதி முக்கியம் என்ற என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அதை ஒரே ஆள் கணக்கில் எழுதக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண் இருளர் மொழிக்குச் சொல் திரட்டிக்கொண்டிருந்தாள். குடும்பச் சூழலால் நின்றுபோனது. அந்த அட்டைகள் என் வீட்டுப் பரணில் இருக்கின்றன, எட்டு வருடமாக. நாளைக்கு இறக்கிப் பார்க்கிறேன்.

கொழும்பு மாணவி எழுதியது:

ஐயா, தயவுசெய்து இறக்குங்கோ. படம் எடுத்தாவது வையுங்கோ, பரணில பூச்சி விடாது.

இந்தப் பாடத்தை இப்ப எங்க படிக்கலாம்? நான் கேட்டால் வீட்டில என்ன சொல்லுவினம் எண்டு எனக்குத் தெரியும். வேலை கிடைக்குமோ எண்டுதான் முதல் கேள்வி வரும்.

கல்லெழுத்து எழுதியது:

வேலை குறைவு தங்கை, அதை மறைக்க மாட்டேன். இருக்கைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். பேராசிரியர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை மூடிவிடுவதும் நடக்கிறது. ஹென்னிங்குக்கே ஒரு சமூகம் முன்வந்ததால்தான் இருக்கை இருந்தது.

ஆனால் தொடங்குவதற்கு விமானச் சீட்டு தேவையில்லை. பெர்லின் அறிவியல் கழகம் துர்ஃபான் துண்டுகளின் படங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இன்றைய பாரசீகத்தை முதலில் படியுங்கள், சமஸ்கிருதம் கொஞ்சம், ஜெர்மன் படிக்கும் அளவுக்கு. பழைய ஆய்வெல்லாம் ஜெர்மனில் கிடக்கிறது. பாரசீகம் வந்துவிட்டால் காலிக் கல்லின் மூன்றாம் பகுதி உங்களுக்குக் காத்திருக்கிறது.

இன்னொன்றும் நமக்கு வெகு பக்கத்திலேயே இருக்கிறது. கேரளத்தில் கொல்லத்துக் கிறித்தவக் கோயிலுக்குத் தந்த 849ஆம் ஆண்டுத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. வாசகம் வட்டெழுத்தில். சாட்சிகள் கையெழுத்து மட்டும் அரபியில், பஹ்லவியில், எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகத்தில். வட்டெழுத்தும் பஹ்லவியும் இரண்டும் ஒருசேரத் தெரிந்தவர்கள் ரொம்பக் குறைவு. முதல் பாதி உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

கொழும்பு மாணவி எழுதியது:

பெர்லின் தளத்தைத் திறந்து பார்த்தன். முதல் படம் உள்ளங்கை அளவு. மேல இரண்டு வரி முழுசாய் இருக்கு, மூண்டாவது வரியில பாதி கிழிஞ்சு போயிட்டு. ஓரத்தில சிவப்பு மையால ஒரு பூ வரைஞ்சிருக்கு. ஒரு எழுத்தும் தெரியாது எனக்கு. ஆனா ஒரே வடிவம் நாலு இடத்தில வருது, அதைத் தாளில பார்த்து எழுதி வைச்சிருக்கிறன். அது என்ன எழுத்து எண்டு யாராவது சொல்லுங்கோ: கீழ பார்த்து வளைஞ்ச கொக்கி, மேல இரண்டு புள்ளி.

பரங்கிமலைவாசி எழுதியது:

படத்தின் எண்ணைப் போடு தங்கச்சி. எனக்கும் தெரியாது, ஆனால் நானும் அதே படத்தைத் திறந்துவைத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போகும்போது அந்தச் சிலுவை வரியிலும் எந்த வடிவம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி எழுதிவருகிறேன்.